காலநிலை மாதிரி என்பதும் ஒரு வீடியோ கேம்தானா? துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்

ஜன்னலோரம்:

நேற்று வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் ஒரு வாக்குவாதம். "2100-இல் இவ்வளவு சூடாகும், கடல் இவ்வளவு ஏறும் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் கேம். உள்ளே எதைப் போடுகிறார்களோ அதுதான் வெளியே வரும்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கிற மாதிரிதான் படுகிறது. இரண்டிலும் ஒரு பூமி இருக்கிறது, இரண்டிலும் மழை பெய்கிறது, இரண்டும் திரைக்குள்ளேதான்.

கூடவே சில சில்லறைக் கேள்விகள். போனில் வானிலைச் செயலி 31 டிகிரி என்கிறது, காரில் 34 காட்டுகிறது, அரசு இணையதளத்தில் 29. எதை நம்புவது? ராத்திரி போனில் படம் பார்ப்பது காலநிலைக்குக் கேடு என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, நிஜமா? விஆர் ஹெட்செட், டிஜிட்டல் இரட்டைப் பூமி (நிஜப் பூமியின் கணினி நகல்) என்பதெல்லாம் உங்கள் ஆட்களுக்கு உண்மையிலேயே உதவுகிறதா, காட்சிக்கு மட்டுமா? அரசு காலநிலை ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் ஒருவர் இந்தக் குழுவில் எப்போதோ எழுதிய ஞாபகம்.

அரைக்கிறுக்கல்:

ஒரே வித்தியாசம்தான். கேமில் தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். :)

முப்பதாம் பிப்ரவரி:

அந்த ஆள் நான்தான். அரசு ஆய்வுக்கூடத்தில் காலநிலை மாதிரி ஓட்டுவது என் வேலை, இருபத்துச் சொச்சம் வருடமாக. இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து. துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். நான் பார்ப்பது மெய்நிகர் உலகம்தான். பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம், உப்பு என்று கணக்குப் போட்டு, அரை மணி அரை மணியாக நகர்த்துகிறோம். நான் ஓட்டும் மாதிரி ஒரு நாளில் 15 வருடம் ஓடிவிடும். அதாவது அங்கே சூரியன் உதித்து மறைந்து மறுபடி உதிக்க 16 விநாடி. என் மகள் விளையாடும் மைன்கிராஃப்டில் ஒரு நாளுக்கு 20 நிமிடம். இந்தப் போட்டியில் மட்டும் நான் ஜெயிக்கிறேன்.

என் புனைபெயருக்கும் அந்த உலகம்தான் காரணம். பிரிட்டனின் ஹாட்லி காலநிலை ஆய்வு மையத்தின் பல மாதிரிகளில் வருடத்துக்கு 360 நாள், எல்லா மாதத்துக்கும் 30 நாள். மாதச் சராசரி போட வசதி. ஆகவே பிப்ரவரி 30 என்று ஒரு நாள் அங்கே நிஜமாகவே வரும். அந்தத் தேதியிட்ட மழைத் தரவை நான் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அரைக்கிறுக்கல் சொன்னதுதான் நேர் தலைகீழ்: மறுபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதே எங்கள் பிழைப்பு. நிஜப் பூமியில் அது முடியாது என்பதால்தானே இந்த உலகமே.

சரி, மீதிப் பாதி மதிப்பெண் ஏன் கிடையாது?

மைன்கிராஃப்டில் இரண்டுக்கு இரண்டு குழி ஒன்று தோண்டி, எதிரெதிர் மூலைகளில் ஆளுக்கொரு வாளித் தண்ணீர் ஊற்றினால் குழி நிரம்பிவிடும். அப்புறம் அதிலிருந்து எத்தனை வாளி மொண்டாலும் வற்றாது. மகள் இதைக் காட்டியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, அது தண்ணி. அவ்வளவுதான்."

என் உலகத்தில் "அவ்வளவுதான்" செல்லாது. ஆவியாகிப் போனது, மழையாக விழுந்தது, ஆறாக ஓடியது, பனியாகத் தங்கியது, நான்கையும் கூட்டினால் கணக்கு நேராக வேண்டும். வெப்பமும் அப்படியே. இன்றைக்குப் பூமி கூடுதலாகப் பிடித்துவைத்துக்கொள்ளும் வெப்பமே சராசரியாகச் சதுர மீட்டருக்கு 1 வாட் அளவில்தான் இருக்கிறது. மாதிரியில் எங்கோ ஒரு மூலையில் அரை வாட் ஒழுகினால் போதும், 500 வருட ஓட்டத்தில் கடலே பொய்யாகிவிடும். ஒரு தடவை அப்படி ஒரு ஒழுகலைத் தேடி மூன்று மாதம் போனது. கடைசியில் பார்த்தால், உருகும் பனி ஆற்றில் சேரும் இடத்தில், தண்ணீரைக் கணக்கில் எடுத்தவர்கள் அதன் குளிரை எடுக்க மறந்திருந்தார்கள். எடுக்க மறந்தவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எங்களிடமும் வற்றாத குழி இருந்தது. 1980-களிலும் 90-களிலும் வளிமண்டல மாதிரியைத் தனியாக ஓட்டினால் ஒழுங்காக ஓடும், கடல் மாதிரியும் தனியாக ஒழுங்காக ஓடும், இரண்டையும் சேர்த்தால் மெல்ல மெல்ல வழி தவறிப் போகும். அதை இழுத்துப் பிடிக்க, கடல் பரப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் வெப்பத்தையும் நன்னீரையும் செயற்கையாகச் சேர்ப்பார்கள், அல்லது கழிப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது. அதற்கு "பாயத் திருத்தம்" என்று மரியாதையான பெயர் வேறு. நான் வேலைக்கு வந்த புதிதில் மூத்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 90-களின் கடைசியில் ஹாட்லி மையத்தின் ஹாட்சிஎம்3 மாதிரி அந்தத் திருத்தம் இல்லாமலே நிலையாக ஓடியது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். கேமில் அந்த வாளி ஒரு வசதி. எங்களுக்கு அது கடன்.

"உள்ளே போடுவதுதான் வெளியே வரும்" என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன், போதும். 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. நாசாவின் காடர்ட் ஆய்வு மையத்தில் ஜேம்ஸ் ஹேன்சனின் குழு, அந்தப் புகைத் துகள்களைத் தங்கள் மாதிரியில் விட்டுப் பார்த்து, உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறையும், ஓரிரு வருடத்தில் மெல்ல மீளும் என்று 1992 ஜனவரியிலேயே அச்சில் போட்டுவிட்டார்கள். குறைந்தது, மீண்டது. அவர்களும் அரசுச் சம்பளக்காரர்கள்தான். தப்பாகியிருந்தால் ஒளிய இடம் இருந்திருக்காது.

ஜன்னலோரம்:

மேடம், இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. பாயத் திருத்தம் பற்றி நீங்களே சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. அதை நாளைக்கு அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்றுதான் யோசனை, "பார்த்தாயா!" என்பார்.

31, 34, 29 கதை என்ன?

முப்பதாம் பிப்ரவரி:

தாராளமாகச் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் அவரே ஒரு நாள் கண்டுபிடிப்பார், அது இன்னும் மோசம்.

மூன்று எண்ணும் மூன்று வேறு விஷயங்கள். அரசு நிலையத்தில் வெப்பமானி வெள்ளை வர்ணம் அடித்த, பக்கம் முழுக்கச் சாய்வுப் பலகை வைத்த பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகாலிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். வெயில் படாது, காற்று போய் வரும். காரின் வெப்பமானி பெரும்பாலும் முன்பக்கத் தடுப்புக்குப் பின்னால். அதற்கு என்ஜினும் தெரியும், தார்ச்சாலையும் தெரியும். சிக்னலில் நிற்கும்போது ஏறும், ஓடினால் இறங்கும். போன் செயலி காட்டும் "இப்போதைய" வெப்பம் பல சமயம் யாரும் அளந்ததே இல்லை. ஒரு மாதிரி போட்ட கணக்கை உங்கள் இடத்துக்கு இழுத்துப் பொருத்தியது. ஆக, நீங்கள் மெய்நிகர் உலகத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள், காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போனை நான் மட்டம் தட்டவில்லை. அன்றாடச் சாதனங்களில் எனக்கு உண்மையான மரியாதை அதன் மேல்தான். 1950-இல் எனியாக் கணினியில் முதல் முதலாகப் போட்ட 24 மணி நேர வானிலைக் கணக்குக்கு ஏறத்தாழ அதே 24 மணி நேரம் பிடித்தது. 2008-இல் அதே கணக்கை ஒரு சாதாரண நோக்கியா 6300-இல் போட்டுக் காட்டினார்கள். ஒரு விநாடிகூட ஆகவில்லை. நான் சொல்வது ஸ்மார்ட்போனே இல்லை, பட்டன் போன்.

உங்கள் பையில் இருப்பதில் காற்றழுத்தமானி ஒன்று ஒளிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. உயரத்தைக் கண்டுபிடிக்க வைத்தது. அதன் எண்ணைக் காட்டும் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். கட்டடத்துக்குள் வளிமண்டலம் மெலிவதைக் கையில் பார்ப்பது, எந்த ஹெட்செட்டும் எனக்குத் தராத சந்தோஷம். நமக்கே தெரியாமல் உதவும் சாதனங்களும் உண்டு. செல்போன் கோபுரங்களுக்கு நடுவே போகும் நுண்ணலை மழையில் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து எவ்வளவு மழை என்று எடுக்கலாம், 2006-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞை வளிமண்டலத்தில் வளைவதை வைத்து மேலே உள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் எடுக்கிறோம். வண்டிக்கு வழி காட்டத் தெரிந்த அதே சமிக்ஞை.

படம் பார்ப்பது பற்றி: நிம்மதியாகப் பாருங்கள். சர்வதேச எரிசக்தி முகமை 2020-இல் போட்ட கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 36 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பெட்ரோல் காரில் 200 மீட்டர் போனால் ஆகும் அளவு. போன் விஷயத்தில் பெரிய பங்கு செய்யும்போதே முடிந்துவிடுகிறது, சார்ஜ் போடுவதில் அல்ல. என் போனுக்கு ஆறு வயது. பேட்டரி மட்டும் ஒரு தடவை மாற்றினேன். திரையின் ஒரு மூலையில் விரிசல். அந்த மூலையில் வரும் எழுத்து தெரியாது, அதனால் பாதி விளம்பரத்தை நான் படிப்பதே இல்லை.

பிக்சல் கொத்தனார்:

நான் கேம் உலகங்களுக்கு வானிலை செய்கிறவன், ஆகவே என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்ன வாளிக் கணக்கு எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் ஏமாற்றுகிறோம். ஆட்டக்காரர் வறண்ட குழியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் மழைக்குக் காத்திருக்கமாட்டார். எங்கள் மேகம் மழையைச் சுமப்பதில்லை, மழை வரப்போகிறது என்ற மனநிலையைத்தான் சுமக்கிறது. முதலில் வெளிச்சத்தைக் குறைப்போம், பிறகு காற்றுச் சத்தம், பிறகுதான் முதல் துளி. அந்த வரிசை பிசகினால் உடனே "பொய்யா இருக்கு" என்று எழுதுவார்கள். தண்ணீர்க் கணக்கு பிசகினால் ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள்.

ஒரு கேள்வி, அக்கா. கடல் மட்டம் ஏறி ஊருக்குள் வருவதை ஹெட்செட்டில் காட்டும் வேலை ஒன்று எங்களுக்கு வந்திருக்கிறது. செய்யலாமா?

முப்பதாம் பிப்ரவரி:

தம்பி, அந்த மனநிலை மேகம் பற்றி எழுதியதை என் குழுவில் எல்லாருக்கும் காட்டப்போகிறேன். எங்கள் மாதிரியிலும் மேகம்தான் தகராறு. கட்டத்தைவிட மேகம் சின்னது, அதனால் அதை நேரடியாகக் கணக்குப் போட முடியாமல், சுற்றியுள்ள ஈரத்தையும் வெப்பத்தையும் வைத்து இவ்வளவு இருக்கும் என்று தீர்மானிக்கிறோம். நாங்கள் ஏமாற்றுவதில்லை. ஆனால் ஊகிக்கிறோம்.

ஹெட்செட் பற்றி எனக்கு இரண்டு மனசு. அரசுத் துறைக்கு இது புதிதும் அல்ல. 2006 வாக்கிலேயே அமெரிக்காவின் கடல், வளிமண்டல அரசு முகமையான நோவா, செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் ஒரு தீவு கட்டியது. சுனாமி கரையேறுவதைப் பார்க்கலாம், புயலுக்குள் விமானத்தோடு போகலாம், பனியாறு உருகுவதைப் பார்க்கலாம். நானும் போனேன். நடக்கிற விசை எது, பறக்கிற விசை எது என்று தெரியாமல், சுனாமி வரும் நேரத்துக்கு என் பொம்மை உருவம் ஒரு சுவரைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தது. அலை என் முதுகுக்குப் பின்னால் வந்து போயிற்று. ஆனால் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, "கடல் ஏன் முதலில் பின்வாங்குகிறது?" என்று எழுத்தில் கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை எதையும் படித்துவிட்டு யாரும் என்னிடம் அரை மணி நேரம் பேசியதில்லை.

போன வருடம் ஒரு கண்காட்சியில் நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டேன். தண்ணீர் ஜன்னல் வரை வந்தது. கை தானாகக் கம்பியைத் தேடியது, அங்கே கம்பி இல்லை, மேற்பார்வைக்கு நின்ற பையனின் தோளைப் பிடித்துவிட்டேன். அவ்வளவு நிஜம். அதுதான் எனக்கு உறுத்தல். அது ஒரே ஒரு எதிர்காலம், ஏற்கெனவே நடந்து முடிந்த மாதிரி.

என் வேலையில் ஒரே ஒரு எதிர்காலம் என்பது பாதி வேலை. அமெரிக்காவின் என்கார் என்ற வளிமண்டல ஆய்வு நிறுவனம் ஒரே மாதிரியை 30 தடவைக்கு மேல் ஓட்டியது. இயற்பியல் அதே, கார்பன் அதே. ஆரம்ப வெப்பநிலையில் மட்டும் ஒரு டிகிரியில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம். எந்த வெப்பமானியும் அதை அளக்காது. 50 வருடக் குளிர்காலங்களை எடுத்துப் பார்த்தால், ஓர் ஓட்டத்தில் ஒரு பகுதி நன்றாகச் சூடாகியிருக்கிறது, இன்னோர் ஓட்டத்தில் அதே பகுதி கிட்டத்தட்ட அசையவே இல்லை. உலகச் சராசரி எல்லாவற்றிலும் ஏறுகிறது. 30 பூமியையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது கார்பன் வேலை, எது வளிமண்டலத்தின் விளையாட்டு என்று பிரியும். இதை ஹெட்செட்டில் எப்படிக் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 30 ஜன்னல் வையுங்கள். சிலவற்றில் தண்ணீர் வாசலோடு நிற்கட்டும். அப்படிச் செய்தால் எனக்கும் ஒரு அழைப்பு அனுப்புங்கள்.

டிஜிட்டல் இரட்டைப் பூமி கேட்டிருந்தீர்கள், ஜன்னலோரம். ஐரோப்பாவின் அப்படிப்பட்ட திட்டமான டெஸ்டினேஷன் எர்த் 2024-இல் ஓட ஆரம்பித்தது, கட்டங்கள் சில கிலோமீட்டர்தான். வேலை அருமை. பெயர்தான் எனக்கு ஒட்டவில்லை. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றொன்றைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அதைத்தான் தொடவேண்டும்.

அரைக்கிறுக்கல்:

முன்னால் எழுதியது விளையாட்டுக்கு. இது நிஜக் கேள்வி: இவ்வளவு கருவியும் கணினியும் வந்த பிறகும் பழைய தரவை ஏன் அவ்வப்போது "திருத்துகிறீர்கள்"? அங்கேதான் எல்லாருக்கும் சந்தேகமே.

முப்பதாம் பிப்ரவரி:

நியாயமான கேள்வி. பதில் மறுபடியும் ஒரு வாளி, இந்தத் தடவை நிஜ வாளி.

கடல் வெப்பத்தை முன்பெல்லாம் கப்பலிலிருந்து வாளியைக் கயிறு கட்டி இறக்கி, மொண்டு, வெப்பமானியை விட்டு அளப்பார்கள். கித்தான் வாளி. மேலே இழுக்கும்போதே ஈரம் ஆவியாகித் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். இன்னொரு முறை, என்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் தண்ணீரை அளப்பது. அது கொஞ்சம் சூடாகக் காட்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கப்பல்களின் அளவீடுகள் நிறைய, அவை பெரும்பாலும் என்ஜின் முறை. 1945-இல் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்ப வந்தன, வாளியோடு. பதிவில் உலகக் கடல் ஒரே வீச்சில் சுமார் 0.3 டிகிரி குளிர்ந்த மாதிரி ஒரு பள்ளம். அது கடலில் விழுந்த பள்ளமல்ல, வாளியால் வந்தது என்று தெளிவாகச் சுட்டிக்காட்டியது 2008-இல்தான். அறுபது வருடத்துக்கு மேல்.

அதை அப்படியே விட்டுவைப்பதுதான் பொய். திருத்த முடிந்ததற்குக் காரணம், எந்தக் கப்பல், எந்த நாடு, எந்தத் தேதி என்று யாரோ பொறுமையாகக் குறிப்பேட்டில் எழுதிவைத்தது. ஆகவே எனக்குப் பிடித்த தொழில்நுட்பம் என்ன என்று யாராவது கேட்டால் பென்சில் என்பேன். கிண்டல் இல்லை. மழையில் நனைந்தாலும் அழியாது, தானாகப் புதுப்பித்துக்கொண்டு பழைய கோப்பைத் திறக்கமாட்டேன் என்று சொல்லாது. 1998-இல் நான் வட்டில் சேமித்த ஒரு மாதிரி ஓட்டத்தை இன்று படிக்க எங்களிடம் கருவி இல்லை. அதே வருடப் பென்சில் குறிப்பேடு என் மேசையில் இருக்கிறது.

ஜன்னலோரம்:

மேடம், போனில் காற்றழுத்தமானி இருக்கிறது! இன்று சோதித்தேன். தரைத்தளத்தில் 1006.4, ஒன்பதாவது மாடியில் 1003.2. எட்டு மீட்டருக்கு ஒன்று என்றால் கணக்கு அப்படியே வருகிறது. பக்கத்து இருக்கைக்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போனை என் கையிலிருந்து வாங்கி அவரே ஒரு தடவை இறங்கி ஏறினார். அவருக்கு மேலே 1003.0 வந்தது. 0.2 எங்கே போனது என்று இப்போது புதுச் சண்டை.

முப்பதாம் பிப்ரவரி:

அவர் ஏறியது எத்தனை மணிக்கு? அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்காது, நீங்கள் ஏறியதற்கும் அவர் ஏறியதற்கும் நடுவே கொஞ்சம் இறங்கியிருக்கும். அவருக்குத் தரைத்தளத்தில் எவ்வளவு காட்டியது? நேரத்தை எழுதிவைத்தீர்களா இல்லையா?

ஜன்னலோரம்:

எழுதவில்லை. நாளைக்கு மறுபடி போகிறோம். அவர் பென்சில் கொண்டு வருகிறாராம்.